சிரிப்புச் சம்பந்தம்

"அறுபதுக்கு மேல மூளை துருப்பிடிக்கும்னு எவன் சொன்னான்? துடைச்சு வைக்காதவன் சொன்னான்!"

அய்யனார் மைக்கில் முழங்கினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டது. திண்டுக்கல் 'அறுபதில் அரும்பு' மன்றத்தில் கைதட்டலுக்கு எப்போதும் குறைவில்லை. அடுத்தது வடை என்று எல்லோருக்கும் தெரியும்.

அறுபது தாண்டியவர்கள் புதிதாக ஏதாவது கற்க வைத்த மன்றம் அது. அய்யனார் தலைவர். அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு அவர் கற்கத் தொடங்காத கலை கிடையாது. கீபோர்டு தொடங்கினார், அது பீரோ மேல் தூங்குகிறது. யோகா தொடங்கினார், அந்த விரிப்பில் மனைவி சிவனம்மாள் வடகம் காயப்போடுகிறாள். காளான் வளர்த்தார், வளர்ந்தது, குளியலறைச் சுவரில். தொடங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முடித்தது ஒன்றுமில்லை. மன்றத்தில் அதை யாரும் கேட்பதுமில்லை. கேட்டால் அவரவர் பீரோ மேல் இருப்பதையும் இறக்கிக் காட்ட வேண்டிவரும்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகள் தமிழ்மதி, புனேயிலிருந்து.

"அப்பா, நிகிலோட அப்பா அம்மா கிளம்பிட்டாங்க. நாளைக்குக் காலைல திண்டுக்கல்ல எறங்குறாங்க. நானும் நிகிலும் பிளைட்ல மதுரை வந்து, அங்கேருந்து கார்ல வாரோம்."

"வரட்டும்த்தா."

"இந்தி எப்பிடிப்பா இருக்கு?"

"அதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

போனை வைத்தவருக்கு வடை இறங்கவில்லை.

விஷயம் இதுதான். தமிழ்மதி காதலிக்கும் நிகில், ஜபல்பூர்ப் பையன். அவன் அப்பா கிரிஜாசங்கர் துபே, கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர். சாதியைக் கேட்கவில்லை, நகையைக் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூத்த மருமகள் வங்காளத்துப் பெண். அவளுடைய அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் துபே கும்பிடுவார், சிரிப்பார். அவரும் கும்பிடுவார், சிரிப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இன்னொரு சிரிப்புச் சம்பந்தத்துக்கு என் தாடை தாங்காது என்று சொல்லிவிட்டார் துபே. நான் தமிழ் கற்கிறேன், அவர் இந்தி கற்கட்டும். நேரில் பேசிப் பார்ப்போம். பேச முடிந்தால் கல்யாணம்.

"இம்புட்டுத்தானா?" என்றார் அய்யனார், மூன்று மாதம் முன்பு.

அன்றைக்கே போனில் ஒரு மொழிச் செயலியை இறக்கினார். ஒரு கிளி வந்து கேள்வி கேட்கும். சரியாகத் தொட்டால் பச்சை, தப்பாகத் தொட்டால் சிவப்பு. முதல் நாள் சத்தம் வைத்து, கிளி சொல்லச் சொல்லக் கூடவே சொன்னார். இரண்டாம் நாள் கிளியின் கீச்சுக்குரல் பிடிக்காமல் சத்தத்தை அணைத்தார். மூன்றாம் நாள், நான்கு விடையையும் வரிசையாகத் தொட்டால் எப்படியும் ஒன்று பச்சையாகிவிடும் என்று கண்டுபிடித்தார். டிக்கெட் எடுக்காதவன் எப்படியெல்லாம் ஒளிவான் என்று கரைத்துக் குடித்தவர், தானே டிக்கெட் எடுக்காமல் இந்தியின் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். கிளி அவருக்குத் 'தங்கக் கிளி' பட்டம் கொடுத்தது. அதை மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வந்த பூங்கொத்துப் படங்களை எண்ண முடியாமல் விட்டார்.

மறுநாள் காலை. ஆட்டோ வாசலில் நின்றது.

துபே நெட்டையாக, வெள்ளை மீசையோடு இறங்கினார். பின்னால் அவர் மனைவி, தலையில் முக்காடு. துபே கைகூப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"வணக்கம். தங்கள் நகரத்தின் இளங்காற்று எம் உள்ளத்தை உவகையில் ஆழ்த்துகிறது."

சிவனம்மாள் கணவர் காதைக் கடித்தாள். "என்னங்க, ஓட்டுக் கேக்க வந்தவரு மாதிரியே பேசுறாரு?"

"சும்மா இரு. நல்ல தமிழு."

ஜபல்பூரில் குடியேறிய ஒரு புலவர் துபேக்குப் பாடம் சொன்னவர். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று வாசலோடு நிறுத்தி வைத்த மனிதர். துபேயும் கணக்குப் போடுகிற மாதிரியே தமிழையும் போட்டார். பகுதி, விகுதி, இடைநிலை. ஒன்று தவறாது.

சோபாவில் உட்கார்ந்ததும் துபே முன்னால் சாய்ந்தார். "இனித் தாங்கள் இந்தியில் மொழியலாமே."

அய்யனார் பழத்தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல பழம் சாப்புடுங்க. சிறுமலை வாழைப்பழம். வேற எங்கயும் கெடைக்காது."

"உண்கிறேன். இந்தி?"

"வீட்டுக்கு வந்தவுகளை நம்ம மொழியில வரவேக்கணும். அதுதான் எங்க பக்கத்து மரியாதை. இன்னைக்குத் தமிழு. இந்தி நாளைக்கு."

இப்படி ஒரு மரியாதை திண்டுக்கல்லில் அந்த நிமிஷம்தான் பிறந்தது. துபே அதை நம்பி, நெகிழ்ந்து, பழத்தை உரித்தார்.

போன் அடித்தது. தமிழ்மதி.

"அப்பா, கொடைரோட்டுல பஞ்சர். நிகில் ஸ்டெப்னி மாத்திட்டிருக்காரு. செத்த நேரத்துல வந்துருவோம். எனக்கு சார்ஜ் வேற..."

கட்டாகிவிட்டது. அய்யனார் ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற அதே குரலில் கூடத்துக்கு அறிவித்தார்.

"கொடைரோட்டுல கார் பஞ்சராம். மாப்ள செத்த நேரத்துல வந்துருவாரு!"

துபேயின் கையில் பழம் அப்படியே நின்றது.

சா. செத்தான். செத்த. பெயரெச்சம். புலவர் இந்த வினையை வேரிலிருந்து பிரித்துக் காட்டியிருந்தார். மாப்பிள்ளை செத்த நேரத்தில். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. அதுதான் வினையாகிவிட்டது.

"எ... என் மகனா?"

"ஒங்க மகன்தான். வேற யாரு? பதறாதீங்க, ரோட்டுல இதெல்லாம் சகஜம்."

"சகஜமா!"

துபே மனைவி பக்கம் திரும்பி இந்தியில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் வீல் என்று கத்தி, சோபாவில் சரிந்தாள். சிவனம்மாள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஆத்தி, என்னாச்சு? பயணக் களைப்பா? அம்மா செத்த படுக்கட்டுங்க!"

"என் மனைவியுமா?" துபே அலறினார்.

"நீங்களும் செத்த படுங்கண்ணே. மூஞ்சியே சரியில்ல."

துபே மகனுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. தமிழ்மதி எண்ணோ அணைந்து கிடந்தது. துபே எழுந்தார். மீசை துடித்தது.

"இரக்கமற்றவரே! என் மகன் இறந்த செய்தி வருகிறது. நீர் எனக்குக் கனி தருகிறீர்!"

'இறந்த' என்ற சொல்லில்தான் அய்யனாருக்கு விளங்கியது. உச்சந்தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, சாகலைங்க! செத்தன்னா சாகுறது இல்லைங்க!"

"செத்தால் சாவதில்லையா? எனக்குத் தத்துவம் வேண்டாம், ஐயா! என் பிள்ளை வேண்டும்!"

அதோடு துபேயின் தமிழ் தீர்ந்தது. இந்தி மடை திறந்து கொட்டியது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் தள்ளாடும் மனைவி. வாசலை நோக்கிப் போனார். படி இறங்கிவிட்டால் அவ்வளவுதான். பிள்ளை செத்ததாகப் பொய் சொன்ன வீட்டில் எவன் சம்பந்தம் வைப்பான்? தமிழ்மதி முகம் அய்யனார் கண்முன் வந்து போனது.

இந்தி வேண்டும். இப்போதே வேண்டும்.

மூளைக்குள் மூன்று மாதப் படங்கள் ஓடின. குதிரை. பால். பச்சைச் சட்டைப் பெண். எல்லாம் ஊமைப் படங்கள். சத்தம் வைத்துக் கேட்டது முதல் நாள் மட்டும்தான். அந்த முதல் நாளின் அடியிலிருந்து ஒரே ஒரு வரி மேலே வந்தது.

"லட்கா..." அய்யனார் வாசலை மறித்து நின்றார். "லட்கா சேப் காதா ஹை!"

பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்.

துபே நின்றார். "க்யா?"

"லட்கா! சேப்! காதா ஹை!" ஆப்பிளுக்குப் பதிலாகத் தட்டிலிருந்த சிறுமலைப் பழத்தைத் தோலோடு கடித்துக் காட்டினார்.

காதா ஹை. நிகழ்காலம். துபேயின் இலக்கண மூளை அதைப் பிடித்துக்கொண்டது. இறந்தவன் நிகழ்காலத்தில் ஆப்பிள் தின்ன மாட்டான். அவர் மனைவி ஒரு கண்ணைத் திறந்து ஏதோ கேட்டாள்.

"அவனுக்கு ஆப்பிளே பிடிக்காதே என்கிறாள்," என்றார் துபே, மறுபடி சந்தேகத்தோடு.

அய்யனாருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை கையிருப்பில் இல்லை. நல்லவேளை, வாசலில் ஹாரன் கேட்டது. கையெல்லாம் கிரீஸோடு நிகில் இறங்கினான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், முதுகில் நாலு அடியும் வைத்தாள். தமிழ்மதி சிவனம்மாளிடம் விவரம் கேட்டுவிட்டு, எங்கள் ஊரில் 'செத்த' என்றால் 'கொஞ்சம்' என்று துபேக்கு விளக்கினாள். துபே அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பிறகு அய்யனாரிடம் திரும்பி இந்தியில் நீளமாக ஒரு கேள்வி கேட்டார்.

எல்லோரும் அய்யனாரைப் பார்த்தார்கள்.

சிரித்துச் சமாளிக்கலாம். உதடு அதற்குத் தயாராகவும் இருந்தது. மகள் முகத்தைப் பார்த்தார். உதட்டை மடக்கிக்கொண்டார்.

"தெரியாதுங்க. எனக்கு இந்தி தெரியாது. அந்த ஒத்தை வரிதான் தெரியும். மத்ததெல்லாம் ஏமாத்து வேலை."

'தெரியாது' என்று அவர் சொல்லி சிவனம்மாள் கேட்டதே இல்லை. தமிழ்மதி சுவரில் சாய்ந்தாள். துபே சோபாவில் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கும் தமிழ் தெரியாது போலும்," என்றார். மீசையைத் தடவிக்கொண்டார். "ஆனால் சம்பந்தி, இன்று நான் தங்களைத் திட்டினேன். தாங்கள் என்னை மறித்துக் கத்தினீர்கள். வங்காளத்துச் சம்பந்தியோடு இப்படி ஒருமுறையும் நிகழ்ந்ததில்லை. சண்டையிட முடிகிறது. போதும். எனக்குச் சம்மதம்."

தமிழ்மதி நிகிலின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திருமணத்தை ஜபல்பூரில் நடத்துவோம்," என்று முடித்தார் துபே.

அய்யனார் விருட்டென்று எழுந்தார்.

"நஹீ!"

எந்தக் கிளியும் சொல்லித் தராத வேகம். துபேயின் முகம் மலர்ந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உச்சரிப்பு நன்று. மேலே கூறுக."

அய்யனார் மகள் பக்கம் திரும்பினார். "ஏத்தா, 'பொண்ணு வீட்டுலதான் கல்யாணம்'னு இந்தில எப்பிடிச் சொல்லணும்? சீக்கிரம் சொல்லு, மனுசன் முந்திருவாரு!"