மேலாளர் அணைத்த கணினி

அந்த வாரத்தில் இது மூன்றாவது அலுவலகம். முந்தைய இரண்டிலும், கணினிக் குற்றங்களைத் துப்பறியும் தடயக்காரர் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒரு கெட்டிக்காரர் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். ஓடுகிற கணினியின் நினைவகத்தில் இருப்பது மின்சாரம் போனால் கூடவே போய்விடும். பதினாறு வருடமாகத் தடயக்காரர் இதைத் தொண்டை வறளச் சொல்கிறார். இன்று காலை போனிலும் சொன்னார்: எதையும் அணைக்காதீர்கள்.

வாசலிலேயே பொது மேலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். விஷயம் தெரிந்த மறு நிமிடமே தன் கையாலேயே கணினியை அணைத்துவிட்டாராம். நெருக்கடியில் தலைமை எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை மூன்றாவது மாடி வரை விளக்கினார். தடயக்காரருக்கு முழங்கால் வலித்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

வாடிக்கையாளர் கோப்புகள் வெளியே போனது ஓர் எழுத்தரின் கணினியிலிருந்து. அந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பணிநீக்கக் கடிதம் மேலாளரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"தண்ணி பிடிச்சுட்டு வந்து பாக்கறேன், மவுஸ் தானா நகருது சார். சொன்னா சிரிக்கிறாங்க."

வெளியாள் புகுந்திருந்தால் அந்தச் சுவடு நினைவகத்தில்தான் இருந்திருக்கும். அதைத்தான் இந்த மகானுபாவர் அணைத்துத் தொலைத்திருக்கிறார். படிவத்தில் ஒரு கட்டம் இருந்ததால் தடயக்காரர் கேட்டு வைத்தார்.

"எப்படி அணைச்சீங்க சார்?"

மேலாளர் ரிப்பன் வெட்டுகிற தோரணையில் திரைக்குக் கீழே விரலை நீட்டினார். "இந்த பட்டன்தான். ஒரே அழுத்து."

தடயக்காரர் மேசைக்கடியில் குனிந்தார். கணினிப் பெட்டி பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தது. அணைந்தது திரை மட்டும். திரையை மறுபடி எரியவிட்டு, பென்டிரைவைச் செருகி நினைவகத்தை நகலெடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் வந்தது. வெளியிலிருந்து கணினியை ஆட்டிவைத்த நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது நுழைந்த வழியும் தெரிந்தது: 'சிறந்த தலைமைக்கான விருது' என்ற இணைப்பு. மேலாளருக்கு மின்னஞ்சலில் வந்த அதை, எல்லோரும் கட்டாயம் திறந்து படிக்க வேண்டும் என்று அவரே அலுவலகம் முழுக்க அனுப்பியிருந்தார்.

மேலாளரின் குரல் முதல் முறையாக இறங்கியது. அணைத்ததைப் பற்றி அறிக்கையில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். விருதைப் பற்றி உள்ளபடி எழுதித்தான் ஆக வேண்டும் என்றார் தடயக்காரர். அணைத்ததைப் பற்றியும் உள்ளதையே எழுதிக் காட்டினார்: 'மேலாளரின் நடவடிக்கையால் தடயத்துக்கு எந்தச் சேதமும் நேரவில்லை.'

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. எழுத்தரின் பணிநீக்கக் கடிதத்தைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்த நடையில் வெளியே போனார்.

எழுத்தர் கைப்பையை மடியிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார்.

"சார், அடுத்த தடவையும் அவரையே அணைக்கச் சொல்லுங்க."