நிழல் வழுக்கிய மூடி

தை மாதம் ஒரு வியாழக்கிழமை முற்பகலில், ராஜதுரை அண்ணாச்சியின் நிழல் சுடலைச்செல்வியின் பட்டறையில் இருந்த கார்பன் ஃபைபர் மூடி ஒன்றின்மேல் விழுந்து, வழுக்கி, தரையில் போய்க் கிடந்தது. அண்ணாச்சி பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். பெயின்ட் அடிக்காமல் ஒரு சாமான் பளபளக்கும் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றும் அதைச் சொல்லத்தான் மூடிக்கு மேலே குனிந்தார். தன் நிழல் ஈரத்துணிபோல் மடிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "ஏளா செல்வி, என்னத்தளா தடவி வச்சிருக்க?" என்றார். "ஒண்ணும் தடவல அண்ணாச்சி. அதான் விசயமே," என்றாள் செல்வி. அவர் நிழலை மிதித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அது காலில் ஒட்டியதும் கடைக்குப் போனார்.

செல்வி படிப்பு முடித்து வந்து பட்டறை போட்ட காலத்தில், துறைமுகச் சாலையில் ஃபைபர் என்றால் வள்ளம்தான். அவளும் சில வருடங்கள் வள்ளத்துக்கு ஒட்டுப் போட்டாள். பிறகு, கடல்மேல் பறந்து மீன்கூட்டம் தேடும் ட்ரோன்களுக்கு மூடி செய்ய வெளியூர்க் கம்பெனி ஒன்று ஆள் தேடியபோது போய் நின்றாள். தூத்துக்குடியில் உப்புக்காற்று, மேல்பரப்பு வழவழப்பாக வராது, பெயின்ட் அடித்து மறைத்துக் கொடுங்கள், அதனால் எடை கூடினாலும் பரவாயில்லை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அத்தனை பேர் நடுவில் செல்வி, "பெயின்ட் இல்லாமத் தாரேன். அச்சுலருந்து எடுத்தபடியே தாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்த கையோடு வள்ளக்காரர்களைத் திருப்பி அனுப்பினாள். மூடி தேறாவிட்டால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அது ஊருக்கே தெரியும்.

உப்பளத்தின் பக்கமிருந்து வரும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்பு இருக்கிறது. ஒரு பொடி, கார்பன் துணிக்கும் அச்சுக்கும் நடுவில் சிக்கினால், மூடியில் ஊசிமுனை அளவுக்குக் குழி விழும். துணியை இறுக்கும் ரெசின் பசையில் காற்று தங்கினாலும் விழும். சூட்டை அவசரமாக ஏற்றினால் துணியின் நெசவு, மெலிந்த மாட்டின் விலாபோல மேலே எழும்பித் தெரியும். செல்வி கதவிடுக்கில் ஈரச்சாக்கு வைத்தாள். ரெசினிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தாள். துணியை மூலை மூலையாக அழுத்தி, மேலே பிளாஸ்டிக் பை போட்டுக் காற்றை இழுத்து இறுக்கி, அடுப்பின் சூட்டை மெல்ல ஏற்றி, அதைவிட மெல்ல இறக்கினாள். குழிகள் குறைந்தன. மூடி ஏறக்குறையத் தேறிவிட்ட சமயத்தில் ஆயுத பூசை வந்தது. பட்டறையில் துணி வெட்டுபவள் சுடலைமாடத்தி. அவள் தராசு, கத்தரி, அடுப்பு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அச்சுக்கு மட்டும் வைக்காமல் விடுவது பாவம் என்று அதற்கும் நடு நெற்றியில் வைத்தாள். விடுமுறை முடிவதற்குள் குங்குமத்திலிருந்த சுண்ணாம்பு, மூடி ஒட்டாமலிருக்கத் தடவிய மெழுகைத் தின்று அச்சுக்குள் இறங்கிவிட்டது. அதன்பின் வந்த மூடி ஒவ்வொன்றும் நெற்றியில் மங்கிய பொட்டோடு பிறந்தது.

செல்வி தீபாவளி வரை மாடத்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அச்சை வேறு யாரையும் தொடவிடாமல், தண்ணீர் தொட்டுத் தொட்டு எமரித் தாளால் தானே தேய்த்தாள். தாள் நைசாகிக்கொண்டே போனது. கடைசியில் தாளை விட்டுவிட்டுப் பாலிஷைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தாள். பொட்டு மறைந்த பிறகும் கை நிற்கவில்லை. மார்கழி முழுக்கத் தேய்த்தாள். ஒருநாள் அச்சு இருந்த இடத்தில் அச்சு தெரியாமல் கூரை மட்டும் தெரிந்தது. அப்போதுதான் நிறுத்தினாள். அந்த அச்சில் வார்த்த முதல் மூடியில்தான் அண்ணாச்சியின் நிழல் வழுக்கியது.

அதற்குப் பிறகு எல்லாருடைய நிழலும் வழுக்கியது. மாடத்தி அவற்றை விளக்குமாற்றால் ஒதுக்கி, உரியவர்களிடம் சேர்த்தாள். தகரக் கூரையின் இடைவெளி வழியே விழுந்த காக்கை நிழல்களை மட்டும் கேட்டு யாரும் வரவில்லை. மாடத்தி அவற்றை ஒன்றோடொன்று வைத்துத் தைத்து, தண்ணீர்ப் பானைக்கு மேலே கட்டினாள். தண்ணீர் குளிர்ந்தது.

மாசியில் கம்பெனியிலிருந்து கிளாட்வின் வந்தான். சாயர்புரத்துப் பையன், மேல்பரப்பைச் சோதித்துச் சொல்வது அவன் வேலை. மூடிக்கு மேலே டியூப்லைட்டைப் பிடிப்பான். மூடியில் தெரியும் வெளிச்சக்கோடு நேராக இருந்தால் தேறியது, நெளிந்தால் தள்ளுபடி. அவன் லைட்டைப் பிடித்தான். கோடு மூடியில் விழுந்தது, வழுக்கியது, மேசைக்கு அடியில் உருண்டு போயிற்று. மறுபடியும் பிடித்தான். அதுவும் போயிற்று. மேசைக்கடியில் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது.

"அக்கா, குழி இல்ல, நெசவு இல்ல, எல்லாம் சரிதான். ஆனா கோடு நின்னாத்தான நேரா கோணலான்னு நான் சொல்ல முடியும்? ராத்திரி ரயிலு எனக்கு. பாக்க முடியலன்னுதான் எழுதணும்."

"பாக்க முடியலன்னா?"

"தள்ளுபடிதான்க்கா."

வாசலில் நின்ற அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு கோட்டு பெயின்ட் அடிளா. சும்மாவே தாரேன். வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா?"

செல்வி மூடிக்கு மேலே குனிந்தாள். மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் அவள் முகமும் நிற்கவில்லை. இவ்வளவு அழகாகப் பிறந்த பிள்ளையை எந்தத் தாயும் வெறும் முகத்தோடு வெளியே அனுப்பமாட்டாள் என்று அவளுக்குப் பட்டது. கண்படாமலிருக்கக் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துத்தான் அனுப்புவாள்.

"மாடத்தி, அந்த எமரித் தாளக் கொண்டா."

"என்னம்மா செய்யப் போறிய?"

"பொட்டு வைக்கப் போறேன்."

"ஆத்தாடி! நான் வச்சதுக்கு நீங்க தீபாவளி வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்திய."

"நீ நெத்தியில வச்ச. நான் கன்னத்துல வைக்கேன்."

தாளை மோதிர விரலில் சுற்றி, மூடியின் ஓரத்தில், ஆணிக்குத் துளை போடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில் தேய்த்தாள். மிளகளவு மங்கியது. கையை எடுத்தாள். மேசைக்கடியில் கிடந்த வெளிச்சக்கோடுகளில் ஒன்று மெல்ல எழுந்து, மேசைக்காலைப் பற்றி ஏறி, மூடிக்கு வந்து, நங்கூரக் கயிற்றில் வள்ளம் நிற்பதுபோலப் பொட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிளாட்வின் ஒரு கண்ணை மூடி இந்தப் பக்கமிருந்து பார்த்தான், அந்தப் பக்கமிருந்து பார்த்தான். துறைமுகத்துத் தடுப்புச் சுவரில் நின்று பார்த்தால் தெரியும் கடல்விளிம்பைப்போல அது நேராக இருந்தது. "தேறிட்டுக்கா," என்றான். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். இந்த முறை அவருடைய நிழல் நின்றது. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நம்ம ஊரு உப்புக்காத்துல செஞ்சதுல்லா," என்று கிளாட்வினிடம் சொன்னார்.

இப்போது கம்பெனி வரைபடத்திலேயே பொட்டு இருக்கிறது, இடமும் அளவும் குறித்து. அதை எந்தக் கருவியால் போடுவது என்று கேட்டார்கள். மோதிர விரல் என்று செல்வி எழுதி அனுப்பினாள், அப்படியே அச்சடித்துவிட்டார்கள். பெரியதாழைக் கடலுக்கு மேலே அந்த மூடி போட்ட ட்ரோன்கள் பறக்கின்றன. வள்ளக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, செல்வி மூடி போகுது என்கிறார்கள். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த, பொட்டு வைக்காத மூடிகள் நிழலை வழுக்கிவிடுவது மாறவில்லை. அதனால் பட்டறைக்கு வருகிறவர்கள் செருப்போடு நிழலையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள், திரும்பும்போது மாட்டிக்கொள்கிறார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசியடிக்கும் நாட்களில் மட்டும் நிழலின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைக்கிறார்கள்.