லாம்பர்ட் ஓக்டனுக்கு ஒரு பக்கம்

1.

இந்தக் கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னு மொதல்லயே சொல்லிடறேன். போன வாரம் பேக்வெல் நூலகத்துல, புதுசா வேலைக்கு வந்த பொண்ணு ஒருத்தி கேட்டா: "லாம்பர்ட் ஓக்டன் உங்க பக்கத்து வீட்டுக்காரராமே, நல்ல கவிஞரா?" வாயைத் தொறந்தேன், பதில் வரல. வீட்டுக்கு வந்து தட்டச்சு பண்ண உக்காந்துட்டேன்.

மொதல் வரி இப்படிப் போட்டேன்: "இங்கிலாந்தின் சிறு கவிஞர்களுள் ஒருவரான லாம்பர்ட் ஓக்டன், டெர்பிஷயரின் குன்றுகளுக்கிடையே—"

சே, மேடையில மாலை போடற மாதிரி இருக்கு. விடுங்க.

ரெண்டாவது: "அந்த மனுஷர் சாகறதுக்கு முன்னாடி—"

இதுவும் வேணாம், அவசரப்படக் கூடாது.

நேரா சொல்றேன். லாம்பர்ட் பாட்டு எழுதுவார். ரெண்டு சின்னப் புஸ்தகம் போட்டார், யாரும் வாங்கல. ஆனா மத்தவங்க பாட்டையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து 'கல்மதில் பாட்டுகள்'னு ஒரு தொகுப்பு போட்டார் பாருங்க, அது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போச்சு. அதுல அவர் பாட்டு ஒண்ணு கூடக் கெடையாது.

2.

அது ஏன்னு அவர் பொண்டாட்டி வின்னி கேக்காத நாளில்லை. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். [கேட்டது பாதி, மீதி நானா போட்டுக்கறது. எது எதுன்னு கேக்காதீங்க.]

"எல்லாரையும் நாற்காலி போட்டு உக்கார வெச்சே. உனக்கு ஒரு முக்காலி கூட இல்லையா?"

"விருந்து குடுக்கறவன் மொதல் ஆளா தட்டை நீட்டுவானா, வின்னி?"

"கடைசி ஆளாவாவது நீட்டுவான்ல! பட்டினியாவா கெடப்பான்?"

எழுபத்தெட்டாம் வருஷம் அவர் நுரையீரல் கெட்டுப் போச்சு. அந்த நேரம் பாத்து லண்டன் பதிப்பகம், தொகுப்புக்குப் புதுப் பதிப்பு போடறோம்னு சொல்லிச்சு. இது கடைசிப் பதிப்புன்னு அவருக்கும் தெரியும், வின்னிக்கும் தெரியும். வின்னி ஒரே பிடியா பிடிச்சா. அவரோட 'மழையில துணி' பாட்டு உள்ள வரணும். லாம்பர்ட்டோட அம்மா மழைன்னு தெரிஞ்சும் துணி காயப்போடறதைப் பத்தினது. நான் படிச்சிருக்கேன். நல்லா இருக்கும். [பாருங்க, நூலகத்துல இதைச் சொல்லத் தெரியலை எனக்கு.]

பதிப்பகம் சரின்னுச்சு. ஆனா பக்கம் கூட்ட மாட்டோம், ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்னாங்க. எதை எடுக்கறதுன்னும் அவங்களே சொல்லிட்டாங்க: பேசில் ஃபெர்னோட பாட்டு.

3.

இங்க வந்து ரெண்டு நாள் நின்னுட்டேன். பேசிலைப் பத்தி எழுத எனக்கு ஒண்ணும் இல்லை. லாம்பர்ட்டோட பள்ளிக்கூடச் சிநேகிதன். இருபது வயசுல, ரெண்டாம் உலகப் போர்ல, இத்தாலியில செத்துப் போயிட்டான். எழுதினது ஒரே பாட்டு, ஆட்டுக்குட்டி சத்தத்தைப் பத்தி. சுமார்தான். ஆனா அவன் பேரு இந்த உலகத்துல ஒட்டிக்கிட்டிருக்கறது அந்த ஒரு பக்கத்துலதான்.* அவனோட அக்கா எடித் ஃபெர்ன், கல்யாணம் பண்ணிக்காதவங்க, எதிர்வீடு.

(* ஊர் நடுவுல, போர்ல செத்தவங்களுக்கு வெச்ச கல்லுல பேர் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 'பி. ஃபெர்ன்'னு மட்டும்.)

லாம்பர்ட் இருமிக்கிட்டே தெருவைத் தாண்டிப் போனார். துணைக்கு நான் போனேன்.

எடித் டீ ஊத்தினாங்க. இவர் வானிலை பேசினார். அவங்க ரோஜாச் செடி பேசினாங்க. ரெண்டாவது கோப்பையிலதான் விஷயம் வந்துச்சு.

"நீங்க வேணாம்னா ஒரு வார்த்தை போதும், எடித். என் பாட்டைப் போட மாட்டேன்."

"அட, எனக்கு ஒண்ணும் இல்லை ராசா. தாராளமா போடு."

"நெசமாவா?"

"நெசமாதான். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்க."

இந்த ஊர்ல முப்பது வருஷம் இருந்தவளுக்குச் சொல்லணுமா? 'எனக்கு ஒண்ணும் இல்லை'ன்னா நெஞ்சு பொளந்துக்கிச்சுன்னு அர்த்தம். லாம்பர்ட்டுக்கும் தெரியும். வாசல்ல நின்னு மூச்சு வாங்கினார். எடித் ஜன்னல் வழியா அதைப் பாத்தாங்க.

அவ்வளவுதான் நடந்துச்சு. கெட்டதும் அங்கதான்.

4.

வின்னி கடைக்குப் போனப்ப, லாம்பர்ட் லண்டனுக்கு ஃபோன் பண்ணி என் பாட்டு வேணாம்னு சொல்லிட்டார். அவர் விட்டுக்குடுத்துடுவார்னு பயந்து எடித்தும், அதே வாரம், என் தம்பி பாட்டை எடுத்துடுங்கன்னு தந்தி மாதிரி ரெண்டு வரி எழுதிப் போட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. சொன்னா, பாரு உனக்காக விட்டுக்குடுத்தேன்னு பீத்திக்கற மாதிரி ஆயிடுமாம்.

பதிப்பகம் ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுச்சு.

[அச்சாபீஸ்ல ஒருத்தர் கூடவா கவனிக்கலைன்னு கேப்பீங்க. கதை இந்த எடத்துல கொஞ்சம் நொண்டுது, தெரியுது. சரிபாக்கற தாள் வந்தப்ப லாம்பர்ட் ஆஸ்பத்திரியில இருந்தார். வேற காரணம் எனக்குக் கெடைக்கலை.]

5.

பிப்ரவரியில லாம்பர்ட் போயிட்டார். மார்ச்சுல புஸ்தகக் கட்டு வந்துச்சு. வின்னி எடித்தைக் கூப்பிட்டா, என்னையும் கூப்பிட்டா.

"ராசாத்தி, நீ டீக்கு கெட்டிலைப் போடு. எடித், நீங்களே பிரிங்க."

எடித் பக்கம் பக்கமா திருப்பினாங்க. பேசில் பாட்டு இருந்த எடத்துல நின்னாங்க. வெறும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை.

"லாம்பர்ட் பாட்டு இல்லைன்னா பேசில் பாட்டு இருக்கணுமே, எங்க?" இது வின்னி.

"நான் எடுக்கச் சொன்னேன். லாம்பர்ட் எங்க?"

வின்னி புஸ்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "அந்தக் கிழவன் நான் இல்லாதப்ப ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லியிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை." அப்புறம் ஒரு கத்து கத்தினா பாருங்க: "உங்க மரியாதையில இடி விழ! ஒருத்தராவது வாயைத் தொறந்து எனக்கு வேணும்னு கேட்டிருக்கக் கூடாதா?"

கெட்டில் கூவிச்சு. நான்தான் அணைச்சேன்.

6.

முடிவு மூணு எழுதிப் பாத்தேன்.

ஒண்ணு: ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. [நடக்கவே நடக்காது. டெர்பிஷயர்ல யாரு கட்டிப்பிடிக்கறா?]

ரெண்டு: எடித் எழுந்து போயிட்டாங்க, அப்புறம் பேச்சே இல்லை. எழுத சுலபம். அதனாலயே பிடிக்கலை.

மூணாவது நடந்தது. வின்னி ஒரு பேனாவை எடுத்து அந்த வெள்ளைப் பக்கத்து மேல வெச்சா. ரெண்டு பாட்டும் ரெண்டு பேருக்கும் மனப்பாடம். பக்கம் ஒண்ணுதான்.

"எழுதுங்க எடித். உங்க தம்பியோட எடம்."

"சேச்சே, நீ எழுது. லாம்பர்ட் புஸ்தகம்."

"இல்லை, நீங்க."

"நீ மொதல்ல, வின்னி."

நான் பேனாவைக் கையில எடுத்தேன். ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. எனக்கு வேணும்னு ரெண்டு மூஞ்சியிலயும் எழுதியிருந்துச்சு.

ஒருத்தர் கையில குடுத்தேன். யார் கையிலன்னு எழுதி எழுதி அழிச்சாச்சு. போதும். இந்தாங்க, பேனா இப்ப உங்ககிட்ட.