முதல் அடியை விடுகிறவன்

வாசலில் இளையபெருமாள் வந்து நின்றதைப் பார்த்தும் பூமாலை டேப்பை நிறுத்தவில்லை. மேலத்தெருவில் இளையபெருமாளின் அப்பா விடியற்காலையில் செத்துப்போயிருந்தார். இனி எந்தச் சாவுக்கும் பறையடிப்பதில்லை என்று காலனியில் தை மாதமே கூடிப் பேசியாயிற்று. மேலத்தெருவுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தவன் பூமாலைதான்.

"அடிக்க மாட்டோம்னு சொன்ன. உள்ள என்னடா சத்தம்?"

"டேப்புங்க. மருமவன் துபாயிலேருந்து கொண்டாந்தது. ஜமைக்காக்காரன் பாட்டு, ரெகேன்னு சொல்லுவாங்க."

"ஜமைக்காவோ ஜெயங்கொண்டமோ. எனக்கு மோளச் சத்தம் தெரியாதா?"

மருமகன் கொண்டுவந்த கேசட்டுகளில் பூமாலை நம்பியது இது ஒன்றைத்தான். அதுவும் லேசில் நம்பவில்லை. டேப் கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தான். பாடிக்கொண்டிருப்பவன் கிணற்றில் விழுந்தவன் மாதிரி பாதியில் காணாமல் போவான். அவன் குரல் மட்டும் சுவரில் மோதி மோதித் தேயும். மிச்சம் மேளமும், அடிவயிற்றில் உறுமும் ஒரு தந்தியும்தான். அந்த மேளக்காரன் முதல் அடியை அடிப்பதே இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, தள்ளி வந்து ஒன்று போடுகிறான். மீசை நரைக்கும்வரை தோல் தட்டிய பூமாலைக்கு அது திமிராகப் பட்டது. கேட்கக் கேட்க, அவன் அடிக்காத இடத்திலேயே நெஞ்சு போய் உட்கார்ந்துகொண்டது.

இளையபெருமாள் குனிந்து உள்ளே பார்த்தான். பின்னால் நாலைந்து பேர், லாரிப் புழுதியில் வெளுத்த கால்களோடு.

"சரி, நீ அடிக்க வேணாம். பொட்டி அடிக்கட்டும். ஒங்க பேச்சும் கெடாது, எங்கப்பனும் சத்தத்தோட போவாரு."

மகள் மலர்கொடிக்கு அது நல்ல வழியாகத் தெரிந்தது. "குடுத்துடுங்கப்பா. நாளைக்கு அவுங்க வயல்லதான் எனக்கு நடவு."

பூமாலை யோசித்தான். பெட்டிதானே, தோலா என்ன. பிறகு கேட்டான்.

"பாடைக்கு முன்னால பொட்டிய யாருங்க தூக்குறது?"

"இதென்னடா கேள்வி. நீதான்."

"அப்ப முடியாதுங்க."

பின்னால் நின்ற ஒருவன் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மலர்கொடி பெட்டியை நிறுத்தக் கை நீட்டினாள். பூமாலை அதைத் தூக்கிக்கொண்டு போய் நிலைப்படியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, சத்தத்தைக் கூட்டினான். பாடகன் காணாமல் போனான். உறுமல் எழுந்தது. மடியில் பெட்டி நடுங்கியது.  பின்னால் நின்றவர்களில் முதல் ஆள் வாசலுக்குள் கால் வைத்தான்.