நாலாவது ஸ்க்ரூ

இப்போதெல்லாம் மணி பார்க்க யாரும் கையைப் பார்ப்பதில்லை, போனைத் தடவுகிறார்கள். ஆனால் கட்டிக்கொள்ள மட்டும் கைக்கடிகாரம் வேண்டும், அதுவும் தாத்தா காலத்தது வேண்டும். என் மாப்பிள்ளையிடம் ஒன்பது இருக்கின்றன. பெட்டிக்குள் ஒன்பதும் ஒன்பது நேரம் காட்டும். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "மாமா, மணி என்ன?" என்று என்னைத்தான் கேட்பார். என் கையில் இருப்பது பிளாஸ்டிக்.

முப்பத்தெட்டு வருஷம் லேத்து மிஷினில் நின்றவன் நான். ஸ்க்ரூவும் நட்டும் தெரியும், மற்ற படிப்பு கிடையாது.

ஒரு சதுரக் கடிகாரத்துக்காக மாப்பிள்ளை ஆறு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார். அதன் கறுப்பு முகம் வெயில் பட்டுப் பழுப்பேறிவிட்டதாம், அதனாலேயே மதிப்பு கூடிவிட்டதாம். என் முகமும் அப்படித்தான் ஆனது, ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

அதை வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். பதிலுக்கு இரண்டு கடிகாரம் கேட்டார். அந்த இரண்டில் ஒன்று, என் மகள் மூன்று வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கல்யாணத்துக்கு வாங்கித் தந்தது. "குடுத்துடுங்க, பெட்டியிலதானே கிடக்குது" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு நாளாகப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். பெற்றவனுக்குத் தெரியாதா?

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன் என்ற டாக்டர் பத்தே முக்காலுக்கு வந்தார். "கட்டியிருந்த வாட்ச் வழியில நின்னுபோச்சு" என்று சிரித்தார். இந்த ஆளை நம்பியா ஊரே வாயைத் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் துணி விரித்துச் சதுரக் கடிகாரத்தை வைத்தார். "ஐம்பது வருஷமா யாரும் திறக்கல. கம்பெனியில மூடினது மூடினபடியே இருக்கு. அதனாலதான் ரெண்டு கேக்கறேன்."

மாப்பிள்ளை பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். நான் பூதக்கண்ணாடியை வாங்கிப் பின்மூடியைப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூ. மூன்று சுத்தம். நாலாவதன் தலையில், ஸ்க்ரூடிரைவர் நுழைகிற வெட்டின் ஓரம் பிசிறடித்திருந்தது.

"டாக்டரே, இதைத் திறந்திருக்காங்க."

"இல்ல பெரியவரே. எனக்குக் குடுத்தவர் சத்தியம் பண்ணினார்."

"நீங்க அவர் வாயைப் பார்த்தீங்க, நான் ஸ்க்ரூவைப் பாக்கறேன். சேராத ஸ்க்ரூடிரைவரைப் போட்டிருக்கான், வழுக்கி ஓரத்தைக் கடிச்சிருக்கு. பல்லுல சொத்தை இருந்தா நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்களா?"

மாப்பிள்ளை முகம் தொங்கிவிட்டது. உள்ளே எதையாவது மாற்றியிருந்தால் அவருடைய ஆறு வருஷமும் வீண். சமையலறையிலிருந்து மகள், "அப்பா, கொஞ்ச நேரம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?" என்றாள்.

"திறந்தே பார்த்துடலாம்" என்றார் டாக்டர். அவருக்கும் வேர்த்திருந்தது.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தார். மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறிய மூன்று தேதிகள். சுத்தம் செய்யும் ரிப்பேர்காரர்கள் இப்படிக் கீறி வைப்பார்களாம். உள்ளே இருந்த நம்பர், டாக்டர் கடிகாரத்தோடு கொண்டுவந்த பழைய கம்பெனிக் காகிதத்து நம்பரோடு ஒத்துப்போனது.

"மாமா, எதையும் மாத்தல" என்று மாப்பிள்ளை சிரித்தார். "மூணு தடவை எண்ணெய் விட்டிருக்காங்க. அம்பது வருஷம் திறக்காமலே இருந்திருந்தா எண்ணெய் பிசினாகி எல்லாம் தேஞ்சிருக்கும். இது நல்லதுதான்."

"எனக்கு நல்லதில்லையே" என்றார் டாக்டர். "திறக்காததுன்னு சொல்லித்தானே ரெண்டு கேட்டேன்? இனி எந்த முகத்தோட கேக்கறது? ஒண்ணு போதும். எதுன்னு நீங்களே பார்த்துக் குடுங்க."

நாணயமான ஆள் போலத்தான் தெரிந்தது. இருந்தாலும் அவர் கையில் ஒரு கண் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. மகள் தந்ததைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு மற்றதை நீட்டினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. எல்லோருக்கும் டீ வந்தது. என் தட்டில் மட்டும் இரண்டு பிஸ்கட் அதிகம்.

"மாமா, நீங்கதான் முதல்ல கட்டணும்." சாவி கொடுத்து, என் பிளாஸ்டிக்கைப் பார்த்து நேரம் வைத்து, என் இன்னொரு கையில் மாட்டினார். காதில் வைத்துப் பார்த்தேன். வண்டு அரிக்கிற மாதிரி ஒரு சத்தம். டீ முடிவதற்குள் ஒரு நிமிஷம் பின்தங்கிவிட்டது.

"இதுக்கா ஆறு வருஷம் மாப்பிள்ளை?"

"அந்தப் பழுப்பைப் பாருங்க மாமா."

"பழுப்பைப் பார்த்து பஸ் பிடிக்க முடியுமா?"

கழற்றிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். பால் கடைக்காரர் பதினொன்றரைக்குக் கதவை இழுத்து மூடிவிடுவார். வீட்டுக்குள் மூன்று பேரும் சிரிப்பது தெருமுனை வரை கேட்டது. என் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்தேன்.