தாமிரன் சமாதியும் ஒரு பியூஸ் கட்டையும்

1

இந்தக் கதை கூலிக்குப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஞாயிறு மாலைதோறும் டிவியில் ஓடிய 'அந்தரக் கப்பல்' தொடரைத் தொண்ணூற்றாறில் ஒரு தயாரிப்பாளர் தூசி தட்டி எடுத்தார். வசனத்துக்கு நான். "ரசிகர்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க" என்று அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'எல்லையற்ற இருளில் ஒரு சிறு ஒளி...' வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனுக்கு எல்லையற்ற இருள் எதற்கு? அடித்துவிட்டேன்.)

2

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில், செல்வதுரையின் ஜெராக்ஸ் கடையில் ரசிகர் மன்றம் கூடியது. தலைவர் அவரேதான்.

"எல்லாம் புதுசா இருக்கணும் சார். ஆனா ஒண்ணும் மாறக் கூடாது."

"கப்பலு அதே தெர்மோகோல்ல இருக்கணும்" என்றார் பொருளாளர் கிறிஸ்டோபர். "ஆடுன ஆட்டம்கூட அப்படியே ஆடணும்."

கேப்டனாக நடித்தவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது என்றேன். கிறிஸ்டோபர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டே, "அவருக்கெல்லாம் வயசாகலாமா சார்?" என்று வருத்தப்பட்டார்.

பழைய தொடரின் கடைசி வாரத்தில், இயந்திர மனிதன் தாமிரன் கப்பலைக் காப்பாற்றச் சூரியனில் விழுந்து உருகினான். புதுத் தொடர் அவன் சமாதியில்தான் தொடங்க வேண்டுமாம். "மொட்ட போட்டுருக்கோம் சார் அவனுக்கு!"*

* கிறிஸ்டோபரும் போட்டிருக்கிறார். சர்ச்சில் கேட்டபோது பேன் என்று சமாளித்தாராம்.

சூரியனில் உருகியவனின் சமாதிக்குள் எதை வைப்பது என்று நான் கேட்கவில்லை.

3

கடையை விட்டு இறங்கியதும், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த ஒரு பெண் வழிமறித்தார்: மாரிக்கனி. பரளச்சிக்காரர். பருத்தி எடுக்கப் பெண்களைக் கூட்டிப்போய், காட்டுக்காரர்களிடம் கூலி பேசி முடிப்பவர். (இவருக்கு எதற்கு விண்வெளி என்று ஒரு கணம் நினைத்தேன். நீங்களும் நினைத்திருந்தால் இருவரும் சேர்ந்தே வெட்கப்படுவோம்.)

"எங்கூருல பஞ்சாயத்து டிவிதான்யா. கதை முடியப்போற நேரமாப் பாத்து கரண்டு போயிரும். மறுநா காட்டுல எல்லாரும் என்னாச்சுன்னு கேப்பாக. எங்கக்கா டவுனுல பாத்துச்சுன்னு மிச்சத்த நாந்தான் சொல்லுவேன்."

"அக்கா சரியாகச் சொல்வாரா?"

"அக்கா வீட்டுல ஏதுய்யா டிவி?"

பரளச்சியில் ஓடிய முடிவுகளெல்லாம் இவர் கட்டியவை. அவற்றில் தாமிரன் சாகவில்லை. தப்பிப் போய் ஏதோ ஒரு கிரகத்தில் கம்பு விதைத்துக்கொண்டிருக்கிறான்.

"செத்துட்டான்னு டவுனுக்காரங்க சொன்னப்பகூட எம் பேச்சத்தான் நம்புனாக. இப்ப சமாதியக் காட்டுனா நான் பொய்க்காரி. அப்புறம் இதான் கூலி, வாங்கடின்னா எவ வருவா? தாமிரன உசுரோட விட்டுருங்கய்யா."

மன்றத்தார் கேட்ட எதுவும் என்னை உறுத்தவில்லை. இது உறுத்தியது.

4

முடிவு ஒன்று: தாமிரனை எழுப்புகிறேன். பாளையம்பட்டியில் என் கொடும்பாவி எரிகிறது. மொட்டை போட்டவர்கள் முடியைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

முடிவு இரண்டு: சமாதியை எழுதிக் கொடுக்கிறேன். (கொடுத்துவிட்டேன். தயாரிப்பாளர் அதற்கு முன்பே சிமெண்ட் வாங்கிவிட்டார்.)

முடிவு மூன்று: மாரிக்கனி எழுந்து ஊரைப் பார்த்து நின்று, உண்மையை... வேண்டாம். சமாதி கட்டிக் கொடுத்தவன் அவருக்கு வசனம் எழுதக் கூடாது.

இன்று ஞாயிறு. பஞ்சாயத்து டிவி முன்னால் பரளச்சியே உட்கார்ந்திருக்கிறது. மாரிக்கனி முதல் வரிசையில், அவருடைய பெண்கள் சுற்றிலும். தொடக்கப் பாட்டு முடிந்துவிட்டது. அடுத்தது சமாதி. இப்போதெல்லாம் அந்த ஊரில் கரண்டு போவதில்லை.

வாசகரே, உங்களை டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். பியூஸ் கட்டை கைக்கு எட்டும்.