ஊற்றாத நீர்மாலை

இறந்துபோன பேராச்சியைக் கடைசியாகக் குளிப்பாட்ட, நீர்மாலைக்குப் போனவர்கள் முனிசிபல் குழாயில் ஏழு குடம் பிடித்துக்கொண்டு திரும்பியபோது மகள் பானுமதி வாசலில் குறுக்கே நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில், தடித்த பிளாஸ்டிக் பைக்குள் அம்மா. பையைத் திறக்கக் கூடாது, குளிப்பாட்டவும் கூடாது, அப்படியே எரிக்க மட்டும்தான் அனுமதி என்றாள். தாராவிச் சந்து மொத்தமும் வாசலில் கூடிவிட்டது.

தைராய்டு புற்றுக்கு அம்மாவைச் செம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தவளே அவள்தான். கதிர்வீச்சு மருந்து. அதைக் குடித்தவர்களின் மூத்திரமும் குளித்த தண்ணீரும்கூட நேராகச் சாக்கடைக்குப் போகக் கூடாது; நிலத்தடித் தொட்டியில் தேக்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, வீரியம் அடங்கிய பிறகுதான் திறந்துவிட வேண்டும். எட்டு வருடமாக அங்கே வேலை பார்த்து, அந்தத் தொட்டிக்குக் காவல் இருப்பவள் பானுமதி. மருந்து குடித்த இரண்டாம் நாள் அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய சாயங்காலம் அம்மா கேட்டாள்:

"தல சிக்கு விழுந்து கெடக்குட்டி. கொஞ்சம் வாரி விட்டுட்டுப் போ."

யாரும் உள்ளே போகக் கூடாதென்று அறை வாசலில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைப் பானுமதி தாண்டவில்லை. நாலு நாள் பொறுத்துக்கொள் என்றாள். சட்டம் பேசிய அந்த நாக்கை இப்போது அறுத்துப் போடலாம் போலிருந்தது.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்திருந்த மாமா கணேசபாண்டியன் பையைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார்.

"பெத்தவளத் தண்ணி ஊத்தாம அனுப்பப் போறியாட்டி?"

"ஊத்துன தண்ணி எங்க போவும் மாமா? வாசல் சாக்கடை, இந்தக் கட்டர்லதான. புள்ளைக இதுலதான் மிதிச்சு வெளையாடுது."

பக்கத்து வீட்டு செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. "இதுல பட்டறை ஆசிட் போவுது, ஜீன்ஸ் சாயம் போவுது. எவன் வந்து மீட்டர் வச்சான்? ஒங்காத்தா தண்ணி மட்டும்தான் ஒனக்கு வெசமாக்கும்."

செண்பகவல்லி சொன்னது அத்தனையும் உண்மை. அந்தக் கட்டரை அளக்க ஒருநாளும் ஒருவரும் வந்ததில்லை, வரப்போவதுமில்லை. ஆனாலும் பானுமதி வாசலை விட்டு நகரவில்லை. இவளைப் படிக்க வைத்ததுதான் தப்பு என்று யாரோ முனகினார்கள்.

மாமா கோடியைப் பையின் மேலேயே விரித்தார். வழவழப்பில் அது நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டுக்குள் செருகினார். ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பியது. பின்னால் போன ஆண்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நீர்மாலைத் தண்ணீரை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. செண்பகவல்லி ஒவ்வொரு குடமாகக் கட்டரில் கவிழ்த்தாள். ஆறு முடிந்தது. ஏழாவதைப் பானுமதி வாங்கிக்கொண்டாள். ஆகாது என்று பெண்கள் தடுப்பதற்குள் தூக்கித் தன் தலையிலேயே ஊற்றினாள். முடி முகத்தில் ஒட்ட அப்படியே நின்றாள். காலடியில் வழிந்த தண்ணீர் கட்டரில் இறங்கி, நீலச் சாயத்தோடு சேர்ந்து ஓடியது.